சித்திரை வெயிலில் மூன்று அறுவடை

தஞ்சாவூர்ப் பக்கம் சித்திரை பிறந்தால் வயல் வெடித்துக் கிடக்கும். அறுவடை முடிந்து களத்துமேடு காலியாகி, கல்யாணமும் கோயில் கொடையுமாக ஊர் காலாற உட்கார்ந்திருக்கும். தூத்துக்குடியில் தொடங்கி காயல்பட்டினம், திருச்செந்தூர், உடன்குடி, மணப்பாடு வழியாக உவரி வரை நீளும் கரையிலோ அதே சித்திரையில் யாருக்கும் கை ஒழியாது. அளத்தில் உப்பு வாருகிறார்கள். பனைவிளையில் பதநீர் காய்கிறது. கரைமணலில் நெத்திலி உலர்கிறது. மூன்றும் ஒரே வெயிலில் நடக்கும் அறுவடை. மூன்றிலும் வேலை ஒன்றுதான், நீரை வற்றவைப்பது.

இந்தக் கரையின் கோடைச் சாப்பாடு இரண்டு பங்காகப் பிரிந்தது இதனால்தான். நாள் தாங்காதவை அன்றைக்கே வயிற்றுக்குள் போயின: விடிகாலைப் பதநீர், நுங்கு, கரைவலையில் வந்த சாளை, நெத்திலி. நாள் தாங்கக்கூடியவை கருப்பட்டியாகவும் கருவாடாகவும் பரணுக்கு ஏறின. எது அன்றைய உணவு, எது அடுத்த ஆறு மாதத்துக்கான உணவு என்ற கணக்கை வீட்டுப் பெண்கள்தான் போட்டார்கள். ஆனால் அந்தக் கணக்கில் கைவைத்தவர்கள் பலர். உப்புக்கு வரி போட்ட கிழக்கிந்தியக் கும்பினி, கள்ளுக்குச் சட்டம் எழுதிய அரசு, ஐஸ் கொண்டுவந்த ஏற்றுமதி வியாபாரி, கடைசியாகக் கேஸ் அடுப்பு என்று அந்த வரிசை நீளும்.

*

நிலத்தைப் பார்த்தால்தான் சமையல் புரியும். சராசரி ஆண்டு மழை 700 மில்லிமீட்டரைத் தாண்டாத பூமி இது. அதிலும் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவத்தில் கொட்டித் தீர்ந்துவிடும். தென்மேற்குப் பருவமழையை மேற்குத் தொடர்ச்சி மலை அந்தப் பக்கமே வாங்கிக்கொள்ள, இந்தப் பக்கத்துக்குக் காற்று மட்டும் வருகிறது. அந்தக் கச்சான் காற்று வைகாசியில் கிளம்பி மாதக்கணக்கில் மணலை வாரித் தூற்றும். சாத்தான்குளம், குதிரைமொழி, சாயர்புரம் வட்டாரங்களில் செக்கச்செவேல் என்று கிடக்கும் மணல்மேடுகளுக்குத் தேரி என்று பெயர். இரும்பு ஆக்சைடு படிந்த சிவப்பு அது. நெல்லுக்கு உதவாத இந்த மண்ணில் பனையும் உடைமரமும் முருங்கையும், போர்த்துகீசியர் கொண்டுவந்த முந்திரியும் நின்றன. முந்திரியை இங்கே கொல்லாமரம் என்றால்தான் பலருக்குத் தெரியும்.

இப்படிப்பட்ட இடத்தில் மனிதர்கள் இருந்து சாப்பிட்ட வரலாறு மிகப் பழையது. 19ஆம் நூற்றாண்டில் நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட் சாயர்புரம் தேரியில் நகத்தளவு கற்கருவிகளைப் பொறுக்கி எடுத்தார். எஃப்.இ. சாய்னரும் பிரிட்ஜெட் ஆல்சினும் இதே தேரிகளை ஆராய்ந்து 1956இல் கட்டுரை வெளியிட்டார்கள். கடலோரத்தில் மீன் பிடித்தும் வேட்டையாடியும் வாழ்ந்த கூட்டத்தார் விட்டுப்போன கருவிகளாக அவை கருதப்படுகின்றன. உழவுக்கு முன்பே இந்தக் கரை ஆட்களுக்குச் சோறு போட்டிருக்கிறது என்று சொல்லலாம், அந்தச் சோற்றில் நெல் இல்லாவிட்டாலும்.

*

பனைக்கு வருவோம். மாசி, பங்குனியில் பாளை தள்ளும். அப்போது மரத்துக்காரர் ஒரு முடிவு எடுத்தாக வேண்டும். பெண் பனையின் பாளையைச் சீவினால் பதநீர். சீவாமல் விட்டால் சித்திரை, வைகாசியில் நுங்கு. நுங்கையும் வெட்டாமல் விட்டால் ஆடி, ஆவணியில் பனம்பழம். பழத்தின் கொட்டையைக் குழியில் புதைத்தால் தைப்பொங்கலுக்குக் கிழங்கு. ஒரே பாளையிலிருந்து இரண்டையும் எடுக்க முடியாது. அலகுப் பனையில், அதாவது ஆண் பனையில், இந்தக் குழப்பம் இல்லை. அது காய்க்காது, பதநீர் மட்டும் தரும். ஆகவே ஒரு விளையில் எத்தனை மரம் பதநீருக்கு, எத்தனை மரம் நுங்குக்கு என்பது வீட்டுக்கு வீடு மாறும். கையில் ஏறுகிற ஆள் இருக்கிறாரா, விறகு இருக்கிறதா, பக்கத்தில் சந்தை இருக்கிறதா என்பதைப் பொறுத்தது அது.

ஏறுகிறவர் விடியுமுன் புறப்படுவார். இடுப்பில் அரிவாள் பெட்டி, காலில் தளைநார், மரத்தில் சாய்த்து மிதித்து ஏற முருக்குத்தடி. மேலே போய்ப் பாளையைக் கடிப்பு என்னும் மரக்கிடுக்கியால் இடுக்கி நசுக்கிப் பதப்படுத்தி, நுனியை ஒரு சீவல் மட்டும் எடுத்து, கலயத்தைக் கட்டுவார். அந்தக் கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு பூசியிருக்கும். சுண்ணாம்பு இல்லையென்றால் சில மணி நேரத்தில் புளித்துக் கள்ளாகிவிடும். பதநீருக்கும் கள்ளுக்கும் நடுவில் இருப்பது ஒரு விரல் சுண்ணாம்புதான். பின்னாளில் அரசாங்கத்தின் சட்டமும் போலீசின் கெடுபிடியும் இந்த ஒரு விரலைச் சுற்றியே நடந்தன.

இறக்கிய பதநீரை மரத்தடியிலேயே பனையோலையை மடித்துக் கட்டிய பட்டையில் ஊற்றிக் குடிப்பது காலையின் முதல் சாப்பாடு. அதில் நுங்கைத் தோண்டிப் போடுவார்கள். மாங்காயைச் சீவிப் போடுவதும் உண்டு. பதநீரில் நூற்றுக்குப் பத்துப் பன்னிரண்டு பங்கு சர்க்கரைச் சத்து. இரண்டு பட்டை குடித்துவிட்டு வேலைக்குப் போனவருக்கு உச்சிவேளை வரை பசிக்காது. வெயில் ஏற ஏற ருசி திரும்பிவிடும். அதனால் குடிப்பது போக மிஞ்சியது அத்தனையும் நேராக அடுப்புக்குப் போகும்.

அடுப்பு இருக்கும் இடத்துக்கு விடிலி என்று பெயர். விளைக்கு நடுவே ஓலையால் கட்டிய குடிசை. பருவம் முடிந்தால் பிரித்துவிடுவார்கள். தன் ஊரில் மரம் போதாதவர்கள் குடும்பத்தோடு கிளம்பி வேம்பார், விளாத்திகுளம், சாயல்குடிப் பக்கம் போய் விடிலி போட்டுத் தங்கினார்கள். ஆறு மாதத்துக்கு அதுதான் வீடு, அதுதான் ஆலை, அதுதான் சமையலறை. ஆண்கள் மரத்தில், பெண்கள் அடுப்பில்.

காய்ச்சுவதில் பெண்களுக்கு இருந்த கைத்தேர்ச்சியை எழுதிவைத்தவர்கள் குறைவு. முதலில் பதநீரை வடிகட்டிச் சுண்ணாம்பு தெளியவைக்க வேண்டும். தெளியாமல் ஏற்றினால் கருப்பட்டியில் கரிப்பு தட்டும். முன்பு மண்பானை, பிறகு அகன்ற தகரச் சட்டி. காய்ந்த ஓலையும் மட்டையும் உடைமுள்ளும் எரிபொருள். கொதி ஏறும்போது நுரை பொங்கிச் சட்டியை விட்டு வெளியே பாயப் பார்க்கும். அந்த நேரத்தில் ஆமணக்கு முத்தை நசுக்கி ஒரு சிட்டிகை தூவுவார்கள். எண்ணெய்ப் பசை பட்டதும் நுரை அடங்கிவிடும். மணிக்கணக்கில் காய்ந்து நிறம் பொன்னிலிருந்து காப்பிக் கொட்டைக்கு மாறும். அகப்பையில் ஒரு சொட்டு எடுத்துத் தண்ணீரில் விட்டுப் பார்ப்பார்கள். கரைந்தால் இன்னும் நேரம் இருக்கிறது. விரலுக்குள் உருண்டால் இறக்கிவிட வேண்டும். ஒரு நிமிஷம் தவறினால் அடிபிடித்துக் கசந்துவிடும். இறக்கித் துடுப்பால் கிண்டி, ஈரச் சிரட்டைகளில் ஊற்றினால் ஆறியதும் கவிழ்த்த சிரட்டை வடிவில் கருப்பட்டி. பத்து லிட்டர் பதநீர் வற்றினால் ஒரு கிலோவுக்குச் சற்று முன்பின் தேறும்.

அந்தச் சட்டியைச் சுற்றியே பிள்ளைகளின் கோடை விடுமுறை கழிந்தது. கொதிக்கும் பதநீரில் மாங்காய்த் துண்டுகளை வேகவைத்துத் தின்பார்கள். வறுத்த பயறைப் போட்டு எடுத்தால் அது ஒரு வேளைச் சாப்பாடு. பச்சரிசி மாவைப் பதநீரில் பிசைந்து ஓலைக்குள் வைத்து அவித்தால் கொழுக்கட்டை. பாதி காய்ந்து தேன் பதத்தில் இருக்கும் கூப்பனியைச் சிரட்டையில் வாங்கி நக்குவதற்காகவே விடிலியில் காத்துக் கிடப்பவர்கள் உண்டு. சுக்கும் ஏலமும் இடித்துப் போட்டுச் சின்னச் சின்ன வில்லைகளாக ஊற்றியது சில்லுக் கருப்பட்டி. வைகாசி விசாகத்துக்குத் திருச்செந்தூர் வருகிறவர்களுக்குப் பருவத்தின் உச்சமே வாய்த்தது. கடலில் குளித்துக் கும்பிட்டுத் திரும்புகிறவர்கள் ஓலைப்பெட்டியில் அதை வாங்கிப் போனார்கள்.

*

இந்த விளைகளை வெளியுலகத்துக்கு விவரமாக எழுதிக் காட்டியவர் மிஷனரி ராபர்ட் கால்டுவெல். 1841இல் இடையன்குடிக்கு வந்து அங்கேயே காலம் கழித்தவர். பனையேறிகளின் வாழ்க்கையைப் பற்றி 1849இல் அவர் வெளியிட்ட ஆங்கிலச் சிறுநூலில் தேரி, பனை, ஏறும் முறை, கருப்பட்டி எல்லாம் வருகின்றன. அதே நூலில் அந்த மக்களைத் தாழ்த்தி அவர் எழுதியவையும் உண்டு. பிற்காலத்தில் நாடார் சமூகத்தார் அதைக் கடுமையாக எதிர்த்தார்கள். பனையேறியின் ஒரு நாளை அருகிலிருந்து பார்த்து எழுதிய பக்கங்களும் அந்த ஆளையே மதிக்கத் தெரியாத பக்கங்களும் ஒரே நூலுக்குள் இருக்கின்றன.

ஏறியவருக்குப் பதநீர் முழுவதும் சொந்தமாகவில்லை. மரம் வேறு ஒருவருடையது என்றால் பல இடங்களில் நாள்முறை: ஒரு நாள் இறக்கியது மரத்துக்காரருக்கு, மறுநாள் இறக்கியது ஏறியவருக்கு. பருவத்துக்கு முன்பே வியாபாரியிடம் முன்பணம் வாங்கியவர், காய்ச்சிய கருப்பட்டியை அவர் சொன்ன விலைக்குக் கொடுத்துக் கடனைக் கழித்தார். கோடையில் அடுப்படி நிறைய இனிப்பு இருந்தும் அரிசிக்கு அல்லாடிய வீடுகள் இதனால்தான் இருந்தன. இன்னொரு பக்கம், மாட்டுவண்டியில் கருப்பட்டி ஏற்றி வடக்கே போன நாடார் வியாபாரிகள் வழிநெடுகப் பேட்டைகளை நிறுவினார்கள். விருதுநகர், சிவகாசி போன்ற ஊர்களின் வணிக வளர்ச்சியில் அந்த வண்டித்தடத்துக்கும் பங்கு உண்டு.

அரசாங்கம் பனை மரத்தில் வருமானத்தைப் பார்த்தது. 1886ஆம் ஆண்டின் சென்னை அப்காரிச் சட்டம் கள் இறக்குவதை உரிமத்துக்கும் வரிக்கும் கீழே கொண்டுவந்தது. 1937இல் ராஜாஜி முதலில் சேலத்தில் மதுவிலக்கைக் கொண்டுவந்தார். 1948க்குள் அது மாகாணம் முழுவதும் பரவியது. கள் இறக்கிய பல்லாயிரம் பேருக்குத் தொழில் போயிற்று. அவர்களைப் பதநீருக்கும் வெல்லத்துக்கும் திருப்பிவிடக் கூட்டுறவுச் சங்கங்கள் அமைக்கப்பட்டன.

அந்த யோசனைக்கு ஏற்கெனவே வார்தாவில் வேர் இருந்தது. 1934இல் காந்தி அங்கே தொடங்கிய அகில இந்தியக் கிராமக் கைத்தொழில் சங்கத்தை நடத்திய ஜே.சி. குமரப்பா தஞ்சாவூரில் பிறந்தவர். அவருடைய வாதம் எளிமையானது. கரும்புக்கு நல்ல வயலும் பாசனத் தண்ணீரும் வேண்டும். அந்த வயலில் தானியம் விளைவிக்கலாம். பனை யாரும் தண்ணீர் ஊற்றாத தரிசில் நின்று சர்க்கரை தருகிறது. அப்படியானால் நாட்டுக்கு வேண்டிய இனிப்பைப் பனையிலிருந்து எடுத்தால் என்ன? கஜானன் நாயக் இதற்காகவே நாடெங்கும் பனைவெல்லப் பயிற்சி அளித்தார். விடுதலைக்குப் பிறகு 1957இல் வந்த காதி கிராமத் தொழில் ஆணையம் அந்த வேலையைக் கையில் எடுத்துக்கொண்டது.

ஆனால் சட்டமும் மானியமும் வெள்ளைச் சீனியின் விலையோடு மல்லுக்கு நிற்க முடியவில்லை. காப்பி கிராமத்துக்குள் வந்த காலத்தில் கருப்பட்டிக் காப்பிதான் இந்த வட்டாரத்தின் இயல்பான காப்பி. ரேஷனில் சீனி வந்ததும் அது ஏழையின் காப்பி என்று ஆனது. இன்று நெடுஞ்சாலை ஓரக் கடைகளில் அதே காப்பிக்குத் தனிப் பலகை வைத்துக் கூடுதல் விலை வாங்குகிறார்கள்.

*

இரண்டாவது அறுவடை உப்பு. ஒரு லிட்டர் கடல்நீரில் சுமார் 35 கிராம் உப்பு இருக்கிறது. அதை வெயிலில் படிப்படியாகச் சுண்டவைத்து, அடர்த்தியைக் காட்டும் பாமே மானியில் 25 டிகிரிக்கு வந்த நீரைப் பாத்தியில் விட்டால் உப்பு பூக்கத் தொடங்கும். தூத்துக்குடியில் கடல்நீரோடு நிலத்தடி உவர்நீரையும் இறைத்துப் பயன்படுத்துகிறார்கள். தை, மாசியில் பாத்தியைச் செப்பனிட்டால் புரட்டாசி வரை வாரலாம். வெயிலும் காற்றும் சேர்ந்து அடிக்கும் கோடைதான் உச்சம். இந்தியாவில் உப்பு உற்பத்தியில் குஜராத்துக்கு அடுத்தபடியாகத் தமிழ்நாடு நிற்பதற்கு முக்கியக் காரணம் இந்த ஒரு கரை.

வேறு இடங்களில் கோடை மழை என்றால் வரவேற்பு. இங்கே அது நஷ்டம். ஒரு மணி நேர மழையில் பாத்தியில் பூத்த உப்பு கரைந்துபோகும். மணலில் கிடக்கும் கருவாடு புழு வைக்கும். பாளையில் மழைநீர் இறங்கினால் பதநீர் நீர்த்துப்போய்க் கருப்பட்டி கட்டாது. மூன்று தொழில்காரர்களும் மேகம் கறுத்தால் முகம் கறுக்கிறவர்கள்.

உப்பு பக்கத்திலேயே விளைந்தும் மீனுக்கு உப்பு போட முடியாத காலம் ஒன்று இருந்தது. 1805இல் சென்னை மாகாணத்தில் கும்பினி உப்பை ஏகபோகமாக்கியது. வரி ஏற ஏற, மீனுக்கு உப்பு வாங்கக் கட்டுப்படியாகாத மீனவர்கள் உவர்மண்ணைப் புரட்டி மீனை உலர்த்தினார்கள். அதுவும் சட்டப்படி குற்றம். இந்திய மீன்வளம் பற்றி 1873இல் அறிக்கை எழுதிய பிரான்சிஸ் டே, உப்புவரி மீன் பதப்படுத்தலை எப்படி முடக்குகிறது என்பதை எடுத்துக்காட்டினார். அதன் பிறகு அரசாங்கம் கடற்கரை நெடுக மீன் உப்பிடும் கொட்டடிகளைத் திறந்து, அதற்குள் வைத்து உலர்த்துகிற மீனுக்கு மட்டும் வரியில்லாத உப்பைக் கொடுத்தது. காவலுக்கு ஆள், கணக்குக்கு ஏடு. வீட்டு முற்றத்தில் பெண்கள் செய்துவந்த வேலை, இதனால் வேலிக்குள் வைத்து அளந்து பார்க்கும் தொழிலாயிற்று. 1907இல் சென்னை மீன்வளத் துறைக்கு அடித்தளம் போட்ட ஃபிரடெரிக் நிக்கல்சன் மீன் பதப்படுத்தலைப் பெரிய விஷயமாக எடுத்துக்கொண்டு சோதனைகள் நடத்தினார். 1930இல் வேதாரண்யத்தில் ராஜாஜி தலைமையில் உப்பு அள்ளியது எல்லாருக்கும் தெரிந்த கதை; கருவாட்டுச் சட்டிக்கும் அந்த வரிக்கும் இருந்த தொடர்பு அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. வரி ஒழிந்தது 1947இல்தான்.

*

மூன்றாவது அறுவடை கருவாடு. அது எல்லாம் ஒன்றுபோல ஆவதில்லை. நெத்திலிக்கு உப்பு கூட அவசியம் இல்லை. விரலளவு மீன், எலும்பு பஞ்சு போல; சுடுமணலில் பரப்பினால் ஒன்றிரண்டு நாளில் சலசலக்கும். சாளையில் எண்ணெய் அதிகம், அதனால் உப்பு போட்டாலும் சீக்கிரம் காறிவிடும். முதலில் தின்று தீர்க்க வேண்டியது அது. பெரிய மீன் என்றால் முதுகைக் கீறி, குடலை எடுத்து, உப்பை அடைத்து, ஒரு இரவு தொட்டியில் வைத்து, கழுவிக் காயப்போட வேண்டும். மத்தியானத்தில் ஒருமுறை புரட்டிவிட்டு, பொழுது சாய்வதற்குள் அள்ளிவிட வேண்டும். பனி பட்டால் கெட்டது. காக்கையும் நாயும் அண்டாமல் பார்த்துக்கொள்வது வயதானவர்களின் வேலை.

இவற்றுக்குள் தனிச் சாதி மாசி. சூரை மீனைத் துண்டாக்கி, உப்புநீரில் வேகவைத்து, புகைபோட்டு, கட்டையாகிற வரை வெயிலில் காயவைப்பது. அம்மியில் தட்டினால்தான் உடையும். 1340களில் மாலத்தீவில் இருந்த பயணி இப்னு பதூதா, இப்படிப் பதப்படுத்திய மீன் அங்கிருந்து இந்தியாவுக்கும் சீனாவுக்கும் ஏமனுக்கும் ஏற்றுமதியானதைக் குறிப்பிட்டிருக்கிறார். மாலத்தீவோடும் இலங்கையோடும் தோணி வியாபாரம் வைத்திருந்த தூத்துக்குடிக்கும் காயல்பட்டினத்துக்கும் மாசி வீட்டுப்பொருள். பச்சை மீன் கிடைக்காத நாளில் மாசியை இடித்து, தேங்காய்ப்பூவும் சின்ன வெங்காயமும் மிளகாயும் சேர்த்து வதக்கினால் கஞ்சிக்கு அதற்குமேல் ஒன்றும் வேண்டியதில்லை.

கோடையின் அன்றாடச் சாப்பாடு பெரும்பாலும் எளிமையானதுதான். காலையில் பழைய சோறு, தணலில் சுட்ட கருவாடு, சின்ன வெங்காயம். மத்தியானம் நெத்திலி கிடைத்தால் மாங்காய்க் குழம்பு. தேங்காயும் சீரகமும் மல்லியும் வற்றல் மிளகாயும் மையாக அரைத்து, மண்சட்டியில் கரைத்துக் கொதிக்கவிட்டு, மாங்காய் பாதி வெந்ததும் மீனைப் போடுவார்கள். புளி பெயருக்குத்தான், புளிப்பை மாங்காய் பார்த்துக்கொள்ளும். மீனைப் போட்ட பிறகு அகப்பை போடக் கூடாது, சட்டியைத் துணியால் பிடித்து ஒரு சுழற்று சுழற்ற வேண்டும். கிண்டினால் நெத்திலி கரைந்து கூழாகிவிடும். மீன் இல்லாத நாளில் அதே சட்டியில் கருவாடு. கூடவே தேரியில் அந்த மாதங்களில் கொத்துக்கொத்தாகத் தொங்கும் முருங்கைக்காயும் கத்தரிக்காயும். கருவாட்டை வெந்நீரில் இரண்டு முறை அலசாமல் போட்டால் குழம்புக்கு உப்பு போட வேண்டிய வேலையே இருக்காது. அலசியும் உப்பைக் கடைசியில் பார்த்துத்தான் போடுவார்கள். உடம்புச் சூட்டுக்கு வெந்தயக்களியும் உளுந்தங்களியும். நடுவில் குழி போட்டு நல்லெண்ணெயும் கருப்பட்டிப் பாகும் ஊற்றிக் கொடுப்பார்கள். ஒரே தட்டில் விளையும் அளமும் கடலும் வந்துவிடும்.

*

இந்த ஒழுங்கைப் பெரிதாகக் குலைத்தது ஐஸ். 1950களுக்குப் பிறகு விசைப்படகும் இறாலுக்கு வெளிநாட்டுச் சந்தையும் வந்தன. நல்ல மீன் கரை இறங்கிய கையோடு ஐஸ் பெட்டிக்குள் போய் லாரி ஏறியது. விற்காமல் மிஞ்சியதும் சிறுமீனும் கருவாட்டுக்கு வந்தன. இழுவலை கடலைச் சுரண்டச் சுரண்ட வரத்து குறைய, 2001 முதல் கிழக்குக் கரையில் கோடையில் 45 நாள் விசைப்படகுகளுக்குத் தடை விதிக்கப்பட்டது. 2017 முதல் அது 61 நாள்: ஏப்ரல் 15 தொடங்கி ஜூன் 14 வரை. மீன் முட்டையிடும் பருவம் என்பது காரணம். கரையோர நாட்டுப்படகுகளுக்குத் தடை இல்லை. அதனால் பச்சை மீன் மேலும் விலையேறும் இந்த இரண்டு மாதத்தில் கருவாட்டுக்கு மறுபடியும் மதிப்பு. ஒரு காலத்தில் கோடை கருவாடு போடும் பருவம்; இப்போது வாங்கித் தின்னும் பருவமாகவும் ஆகிவிட்டது.

தடைக்காலத்துக்கு மீனவர் குடும்பங்களுக்கு அரசு நிவாரணத் தொகை தருகிறது. மழைக்காலத்தில் வேலையிழக்கும் உப்பளத் தொழிலாளர்களுக்கும் அண்மை ஆண்டுகளில் உதவித்தொகை வந்திருக்கிறது. பனைக்குத் தமிழ்நாட்டின் மாநில மரம் என்ற பட்டம் உண்டு. 2021இல் வந்த முதல் வேளாண் நிதிநிலை அறிக்கை 76 லட்சம் பனை விதைகளை விநியோகிப்பதாக அறிவித்தது. பனையை வெட்ட ஆட்சியர் அனுமதி வேண்டும் என்றும் சொன்னது. 2023இல் உடன்குடிப் பனங்கருப்பட்டிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. மரத்துக்குக் காவல் வந்துவிட்டது, சரக்குக்குப் பெயரும் வந்துவிட்டது. ஏற ஆள் வரவில்லை. விழுந்தால் உயிர் மிஞ்சாத உயரத்துக்கு ஆறு மாதம் ஏறி, மீதி ஆறு மாதம் சும்மா இருக்கிற தொழிலுக்குத் தன் பிள்ளை வேண்டாம் என்று முதலில் சொன்னவர்கள் பனையேறிகளே.

பரணும் காலியாகிவிட்டது. விறகடுப்பு இருந்த வரை அதற்கு மேலே தொங்கிய ஓலைப்பெட்டிக்குள் ஓராண்டுக் கருப்பட்டி இருந்தது. புகையும் சூடும் பட்டால்தான் அது கசியாது. ஐப்பசி ஈரத்தில் வெளியே வைத்த கருப்பட்டி வியர்த்து இளகி வீணாகும். அதே புகை கருவாட்டையும் வண்டு அண்டாமல் காத்தது. கேஸ் அடுப்பு வந்ததும் புகை போயிற்று, பெட்டியும் போயிற்று. பருவத்தைச் சேமிக்கும் வேலை வீட்டிலிருந்து கடைக்கும் கிட்டங்கிக்கும் மாறியது. வீடுகள் வேண்டும்போது கிலோக் கணக்கில் வாங்கத் தொடங்கின. பருவம் இல்லாத கார்த்திகையிலும் கருப்பட்டி கேட்டால் கொடுத்தாக வேண்டும். அங்கேதான் பழைய கருப்பட்டியை உருக்கிச் சீனிப்பாகைச் சேர்த்து மறுபடி சிரட்டையில் ஊற்றும் வியாபாரம் நுழைந்தது. உணவுப் பாதுகாப்பு அதிகாரிகள் அவ்வப்போது பிடிக்கிறார்கள். விவரம் தெரிந்தவர்கள் ஆனி மாதமே தெரிந்த விடிலிக்குப் போய்விடுகிறார்கள். ஒரு கருப்பட்டியை உடைத்து, உள்ளே சீனிபோலப் பளபளக்கிறதா என்று பார்த்து, ஒரு துண்டை நாக்கில் வைத்து லேசான கரிப்பு தெரிந்த பிறகுதான் ஆண்டுக்கு வேண்டியதை எடைபோடச் சொல்கிறார்கள்.